படகுத்துறையில் திருப்பிய தபால்

எங்கள் குப்பத்துக்குத் தபால் படகில்தான் வரும். பழவேற்காட்டில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்களோடு பெண்களாகத் தபால்காரரும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவார். இறங்கியதும் வீடு வீடாகப் போகமாட்டார். துறையிலேயே நின்று ஒவ்வொரு உறையாக எடுத்துக் கூப்பிடுவார். அந்த நேரத்தில் பாதி ஊர் அங்கேதான் இருக்கும். வலை பிரிப்பவர்கள், நண்டு கட்டுபவர்கள், ஐஸ் பெட்டி கழுவுபவர்கள் எல்லோரும் காது கொடுப்பார்கள். ஒரு வீட்டுக்கு என்ன தபால் வந்தது என்பது அந்த வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும்.

பல வருடங்களாக எனக்கு அதில் ஒரு தொல்லையும் இல்லை. எனக்கு யார் தபால் போடப் போகிறார்கள்? ஆதார் அட்டை வந்தது, பேங்கிலிருந்து ஏதாவது வரும், அவ்வளவுதான்.

மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் பொன்னேரிக்குப் போனபோதுதான் இது ஆரம்பித்தது. கடையை விட்டு வெளியே வரும்போது ஒரு பெண் சீட்டு ஒன்றை நீட்டினாள். பேர், தகப்பன் பேர், விலாசம், போன் நம்பர் எழுதிப் பெட்டியில் போட்டால் குலுக்கலில் கார் விழும் என்றாள். எனக்கு எப்போதும் ஒரு குணம். ஒருவர் கேட்டதை எழுதிக் கொடுப்பது எனக்குச் சுலபம். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்வதுதான் கஷ்டம். பத்தாவது வரை படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். குப்பத்தின் பெயர், அஞ்சல் பழவேற்காடு, பின்கோடு எல்லாம் ஒழுங்காக எழுதிப் போட்டேன்.

"கார் வுழுந்தா எதுல ஏத்திக்கினு வருவ? படகுலயா?" என்று என் மனைவி கேட்டாள்.

கார் விழவில்லை. தபால்தான் விழுந்தது. முதலில் அந்தக் கடையிலிருந்தே ஆடித் தள்ளுபடி. பிறகு நகைச் சீட்டு. பிறகு நான் பேர்கூடக் கேட்டிராத கம்பெனிகள். மனை வாங்குங்கள், மூட்டு வலிக்கு எண்ணெய் வாங்குங்கள், முன்பே அனுமதிக்கப்பட்ட கடன் இருக்கிறது வந்து பெற்றுக்கொள்ளுங்கள். என் சீட்டை அந்தக் கடை எத்தனை பேருக்குக் கொடுத்ததோ தெரியாது. வழுவழுவென்ற காகிதம். அடுப்பு மூட்டினால் கருகி நாறும், எரியாது. கருவாடு மடித்தால் எண்ணெய் ஊறாமல் வெளியே வழியும். ஒன்றுக்கும் உதவாது.

துறையில் என் பேரைக் கூப்பிடுவது ஒரு தமாஷாகிவிட்டது.

"மாமோவ், மலையடிவாரத்துல உனக்கு மனை ஒதுக்கிக்கீறாங்களாம். எப்பப் போற?"

"மனையா? அவரு தண்ணிய வுட்டுட்டு எங்க போவாரு? மூட்டுக்கு எண்ணெய் வந்துக்குதா பாரு, எனக்கு ஒரு டப்பா சொல்லு."

நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கி, சட்டைக்குள் சொருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஊர் சிரிப்பதை என்னால் தாங்க முடியும். ஆனால் அந்த உறைகள் மேல் எனக்குப் பயம். அதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்வதற்கு முன் பாடு என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கழி நட்டு வலை கட்ட முடியாது. எறா, அதாவது இறால், நன்றாக ஓடும் இடங்கள் சிலதான். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருப்பவை அவை. அந்த இடங்களில் எந்த வீட்டுக்காரர் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊரே முறை வைத்திருக்கிறது. அதைத்தான் பாடு என்போம். தகப்பன் பாடு மகனுக்கு வரும். அது எந்த ஆபீசிலும் பதிவானதில்லை. ஊர் ஒப்புக்கொள்வதுதான் அதற்குப் பதிவு.

ஒரு தடவை எங்கள் ஊர் வீடு ஒன்று பாட்டு விஷயமாக ஊரைக் கேட்காமல் கோர்ட்டுக்குப் போய்விட்டது. கோர்ட் என்ன சொன்னதோ, விசாரணை முடியும்வரை அந்த இடங்கள் எதிலும் யாரும் வலை போடக்கூடாது என்று ஆகிவிட்டது. நல்ல எறா ஓடின பருவம். கண்ணுக்கு முன்னால் ஓடிற்று, கட்ட ஆளில்லை. ஊர் அந்தப் பருவம் முழுக்கக் கையால் தடவி நண்டு பிடித்துத்தான் சோறு தின்றது. அதற்குப் பிறகு ஊரில் ஒரு கட்டுப்பாடு வந்தது. எந்த வீட்டுக்குக் கோர்ட்டு, போலீஸ் என்று வெளிக் காகிதம் வந்தாலும் அதை முதலில் ஊர் முன்னால் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் விஷயம் தெரியும்வரை அந்த வீட்டின் பாடு நிறுத்தி வைக்கப்படும்.

எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான். நைனா போன பிறகு பாடு யாருக்கு என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. அவன் ஏற்கெனவே ஏரியை விட்டுவிட்டு அனுப்பம்பட்டில் பெண் எடுத்த வீட்டோடு போய்விட்டவன். ஏரியில் இறங்குபவனுக்குத்தான் பாடு என்று ஊர் எனக்குக் கொடுத்தது. அவன் துறையில் நின்று, "ஊரு சொன்னா ஆச்சா? கோர்ட்டுல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படகு ஏறினான். அதன் பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் நம்பர் என் போனில் இருந்தது. அதைத் தாண்டி வேறு பேரைத் தேடும்போதெல்லாம் விரல் பட்டுவிடுமோ என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுவேன்.

ஆகவே தபால்காரர் என் பேரைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வரும். முன்பு தபால் வராது, பயமும் வராது. இப்போது வாரா வாரம் வந்தது. ஒவ்வொரு உறையையும் கையில் வாங்கி, முன்பக்கம் படித்து, இது வெறும் விளம்பரம்தான் என்று தெரியும்வரை காலை எடுத்து வைக்கமாட்டேன். இப்படியே போனால் நெஞ்சு வெடித்துச் செத்துவிடுவேன் என்று தோன்றியது. இந்தத் தபாலை எப்படியாவது நிறுத்த வேண்டும்.

ஒரு நாள் தபால்காரர் திரும்பிப் போகப் படகுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். அவரே, "இன்னாபா?" என்றார்.

"இந்த மாதிரி வர்றத நிறுத்த முடியாதா சார்?"

"வேணாம்னா வாங்காத. உறை மேல 'வாங்க மறுப்பு'னு எழுதிக் கையெழுத்துப் போட்டு என்கிட்டயே குடு. அனுப்பனவனுக்கே திரும்பப் போயிடும். நாலு தபா திரும்பினா அவனே லிஸ்ட்டுலருந்து பேர அடிச்சிடுவான். அவனுக்கும் ஸ்டாம்புச் செலவு இருக்குது இல்ல?"

இவ்வளவு சுலபமான வழி இருப்பது எனக்குத் தெரியாது. அடுத்த முறையிலிருந்து சட்டைப் பையில் பேனாவோடு துறைக்குப் போனேன். கூப்பிட்டதும் வாங்கி, படகின் விளிம்பில் வைத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, அப்படியே திருப்பிக் கொடுத்தேன். வாய் திறக்காமல் வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி கிடைத்துவிட்டது. எனக்கு ஏற்ற வழி.

மழை முடிந்து முகத்துவாரம் நன்றாகத் திறந்திருந்த சமயம் அது. எறா உள்ளே ஏற ஆரம்பித்திருந்தது. நல்ல இடத்தில் என் பாடு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அடுத்த பாடு என் பங்காளி ஒருவருக்கு. வயதில் மூத்தவர், பக்கத்து வீடுதான். வலைக்குக் கழி சீவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குச் சேர்த்து ஒரு கட்டாகத் தபால் வந்தது, ரப்பர் பேண்டு போட்டு. மேலே இருந்ததில் எழுதினேன், அடுத்ததில் எழுதினேன். கடைசியில் இருந்தது பழுப்பு உறை. அதன் மேல் தராசுப் படம் போட்டிருந்தது. சிவப்பு எழுத்தில் 'இறுதி அறிவிப்பு' என்று இருந்தது. அதற்குக் கீழே என் பேர், என் நைனா பேரோடு சேர்த்து.

பிரித்துப் பார்த்திருக்க வேண்டும், அல்லது வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். பயந்தவன் புத்தி அப்படி வேலை செய்யாது. வாங்கினால்தானே என்னுடையது, வாங்காவிட்டால் யாருடையதோ என்று தோன்றியது. மற்றவற்றில் எழுதியது போலவே அதிலும் எழுதினேன். கையெழுத்துக் கோணியது. தபால்காரர் பார்க்கவில்லை, கட்டோடு பைக்குள் போட்டுக்கொண்டார். படகு போய்விட்டது.

நிமிர்ந்தபோது பங்காளி என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அது இன்னா தராசு போட்ட கவரு?"

"விளம்பரம்ண்ணா."

"படிச்சுப் பாத்தியா?"

பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினேன். அவர் ஒன்றும் சத்தம் போடவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "சம்மன டபாய்க்கறவன்தான் இப்புடித் திருப்புவான்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வலை நின்றுபோன அந்தப் பழைய பருவத்தில் அவர் வீட்டில்தான் குழந்தைகள் அதிகம். அந்தப் பயம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அது போய்விட்டது. இத்தனை நாளாக நான் பேனாவும் கையுமாக நின்றது எல்லோருக்கும் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. விளம்பரத்தை யாராவது கையெழுத்துப் போட்டுத் திருப்புவார்களா? கிழித்து ஏரியில் போட்டால் போகிறது. இவன் ரொம்ப நாளாகவே கோர்ட்டுக் காகிதத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். இப்படித்தான் பேசினார்கள். என் மனைவியிடமே தண்ணீர்க் குழாயில் ஒருத்தி, "உங்க வூட்டுக்காரருக்கு வாய்தா எப்போ?" என்று கேட்டிருக்கிறாள்.

மனைவி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "இன்னாயா அது? என்கிட்டயாவது சொல்லு."

"எனக்குத் தெரியாது மே."

"தெரியாததுக்குக் கையெழுத்து போட்டியா?"

அண்ணனைப் பற்றிச் சொன்னேன். "உங்க அண்ணன் கேஸ் போட்டாலும் போடுவாரு, ஆனா உனுக்கு கவரு வாங்கி ஸ்டாம்பு ஒட்ற ஆளா அவரு? எச்சிக் கையால காக்கா ஓட்டமாட்டாரு" என்றாள். அவள் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. கோர்ட்டுக் காகிதத்தை வாங்க மறுத்தால் வாங்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று அந்தப் பழைய வழக்கின்போது ஊரில் பேசிக்கொண்டது எனக்கு நினைவு வந்துவிட்டது. அது மட்டும் உண்மையாக இருந்தால், எனக்குத் தெரியாமலே என் மேல் ஒரு கேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் ஊர்த் தலைவரிடமிருந்து ஓர் ஆள் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடுகிறது, அந்தக் காகிதத்தைக் கொண்டு வந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் என் பாடு நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் படகில் பழவேற்காட்டுக்கு ஓடினேன். தபால் ஆபீஸ் வாசலில் தபால்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அன்னிக்குத் திருப்பிக் குடுத்தேனே, அந்தப் பழுப்புக் கவரு..."

"அது அன்னிக்கே பை கட்டியாச்சேபா."

"திரும்ப வாங்க முடியாதா?"

"அனுப்பனவன் கைக்குப் போயிருக்கும். கூப்ட்டா வர்றதுக்கு அது இன்னா நாய்க்குட்டியா?"

"அது யாருகிட்டருந்து வந்துச்சுனு..."

"தெனம் எத்தினி பாக்கறேன், எனுக்கு எப்புடி ஞாபகம் இருக்கும்? ரிஜிஸ்தர் இல்ல. அது மட்டும் தெரியும். ரிஜிஸ்தரா இருந்தா உன்கிட்ட தனியா கையெழுத்து வாங்கிருப்பேன்."

அது கொஞ்சம் தெம்பாக இருந்தது. ஆனால் கோர்ட்டு சாதாரணத் தபாலில் அனுப்பாது என்று எனக்கு யார் உறுதி சொல்வது? வக்கீல் அனுப்பியிருந்தால்? அதை அவரிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது. வேறு ஒன்று கேட்டேன். "அதே மாதிரி இன்னொண்ணு வருமா சார்?"

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வேணாம் வேணாம்னு நீதான அழுத. இப்ப வேணும்ன்றியா? நீ திருப்பன வேகத்துக்கு எல்லாரும் பேர அடிச்சிருப்பாங்க."

அவர் சொன்னது சரியாகவே நடந்தது. அன்றைக்கு என் பேரைக் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. இத்தனை நாள் எதை நிறுத்தத் தவித்தேனோ அது நின்றுவிட்டது. நான் துறையில் நின்று ஒவ்வொரு படகையும் பார்த்தேன். ஒரே ஒரு பழுப்பு உறை, தராசு போட்டது வந்துவிட்டால் ஊர் முன்னால் பிரித்துக் காட்டிவிடலாம். வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உடனேயே, உள்ளே நிஜமாகவே அண்ணன் பேர் இருந்தால் என்ன செய்வது என்று தோன்றும். வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன். அம்மனுக்கே நான் என்ன கேட்கிறேன் என்று புரிந்திருக்காது. கழி சீவ உட்கார்ந்தால் கத்தி கையில் அப்படியே நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பக்கத்துக் கொட்டகையில் கூடினார்கள். மனைவி பரண் தட்டுக்கு விரித்து வைத்திருந்த பழைய விளம்பரக் காகிதங்களை உருவிக் கொடுத்தாள். அவற்றைக் கொண்டுபோய்த் தலைவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். புடவை கட்டிய பெண், கட்டிடம், மோதிரம். ஒரு பையன் சிரித்தான், தலைவர் பார்த்ததும் அடங்கினான்.

"இதெல்லாம் சரிப்பா. அந்தத் தராசுக் கவரு எங்க?"

"திருப்பிட்டேன்."

"உள்ள இன்னா இருந்துச்சு?"

"பிரிக்கல."

"பிரிக்காம எப்புடி விளம்பரம்னு சொன்ன?"

கூட்டத்தில் முழு வாக்கியம் பேசியே பழக்கமில்லாதவன் நான். கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

தலைவர் நல்லவர். எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார். "சரி, ஊர இழுத்தடிக்க வேணாம். கற்பூரத்த ஏத்தி அணச்சிடு. எங்க வூட்டு மேல கேஸ் இல்லனு அம்மன் முன்னால சொல்லிட்டு பாட்டுக்குப் போ."

தட்டில் கற்பூரம் வந்துவிட்டது. ஏற்றியும் விட்டார்கள். கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. பாடு என்னுடையது. கேஸ் இல்லை என்று சத்தியமாகத் தெரிந்த ஒருவன் தட்டிவிட்டுப் போயிருப்பான். என்னால் கையை நீட்டவே முடியவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாததை அந்த நெருப்பின் மேல் சொல்ல முடியுமா? பொய்ச் சத்தியம் தண்ணீரில் காவு கேட்கும். ஏரியில் நான் இறங்குகிறேன், என் மருமகன் இறங்குகிறான்.

கற்பூரம் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. பங்காளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போடல" என்றேன். "என் மேல எங்க அண்ணன் போட்டிருக்கானானு எனுக்குத் தெரியாது. அதான் பயம். அதான் திருப்பினேன்."

அவ்வளவு நீளமாக அந்தக் கொட்டகையில் நான் அதுவரை பேசியதில்லை. கொஞ்ச நேரம் முணுமுணுப்பாக இருந்தது. பிறகு பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து என் மனைவி குரல் வந்தது. "அதுக்குத்தான் கைல போன் வெச்சிக்கினு கீறாரே. கூப்ட்டு கேக்கச் சொல்லுங்க. போன் கடிச்சிடாது."

தலைவர் என்னைப் பார்த்தார். "போடுப்பா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடு."

இத்தனை வருடம் தள்ளித் தள்ளிப் போன அந்தப் பேரை அழுத்தினேன். மணி அடித்தது. எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். எடுத்துவிட்டான்.

"இன்னாடா. உயிரோட கீறியா?"

அவன் குரலில் மாற்றமே இல்லை. பின்னால் ரயில் வருவதற்கான அறிவிப்பு கேட்டது. "அண்ணா..." என்றேன். மேலே வரவில்லை. தலைவர் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"நான்தாம்பா தலைவரு பேசறேன். ஊரு உக்காந்துக்கீது. பாட்டு விஷயமா உன் தம்பி மேல கோர்ட்டுல எதுனா போட்டியா?"

அந்தப் பக்கம் ரயில் வந்து நிற்கும் சத்தம். அது அடங்கும்வரை காத்திருந்தோம். கற்பூரம் தானாகவே அணைந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"வக்கீலப் பாத்தேன். பாட்டுக்குப் பத்திரம் இன்னா வெச்சிருக்கனு கேட்டாரு. ஓடற தண்ணிக்கு இன்னா பத்திரம்? எழுந்து வந்துட்டேன். போடல." கொஞ்சம் நிறுத்தி, "இன்னும் போடல" என்றான்.

"போடறதா இருந்தா மொதல்ல இங்க வந்து பேசு."

"வந்தா உக்கார வெப்பீங்களா?"

"வந்து பாரேன்" என்றார் தலைவர்.

அவன் போனை வைத்துவிட்டான்.

பேசி முடிவு செய்ய நேரம் பிடிக்கவில்லை. கேஸ் இல்லை என்பதை ஊரே காதால் கேட்டாகிவிட்டது. பாடு எனக்குத்தான். ஆனால் ஒரு கட்டளை போட்டார்கள். இனிமேல் நான் எந்தத் தபாலையும் திருப்பக்கூடாது. எது வந்தாலும் துறையிலேயே எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்ட வேண்டும். விளம்பரமாக இருந்தாலும் சரி. வெளியே வரும்போது பங்காளி, "கழி பத்தலனா என்கிட்ட கீது, எடுத்துக்க" என்றார்.

பாடு நன்றாகவே கிடைத்தது. வலை தூக்கும்போது எறா துள்ளியது. மற்ற சமயமாக இருந்தால் மனம் நிறைந்திருக்கும். அப்போது என் காதில் 'இன்னும்' என்ற அந்த ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தபால் மறுபடியும் வர ஆரம்பித்தது. பேரை அடித்தவர்கள் சிலர்தான் போலிருக்கிறது, புதிது புதிதாக வேறு கம்பெனிகள் வந்தன. நான் துறையில் நின்று பிரிப்பேன். ஈரக் கையோடு எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். என் வீட்டு வாழ்வே அங்கே விரித்து வைத்தது போல இருக்கும். திருப்பவும் முடியாது என்று ஆன பிறகு எனக்கு ஒரே வழிதான் இருந்தது. தபால் கிளம்புகிற இடத்திலேயே அதை நிறுத்த வேண்டும்.

ஒவ்வொரு காகிதத்திலும் அடியில் சின்ன எழுத்தில் ஒரு போன் நம்பர் இருக்கும். பேச வேண்டியதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். 'வணக்கம். உங்கள் கடிதம் எனக்கு வேண்டாம். என் பேரை எடுத்துவிடுங்கள்.' படகில் தனியாகப் போகும்போது அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அண்ணனிடம் பேசியாகிவிட்டது, இனி யாரிடம் பேச என்ன என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். அப்படியும் முதல் தடவை ஒரு பெண் எடுத்து, "சொல்லுங்க சார், எந்தத் திட்டத்துல சேர விரும்பறீங்க?" என்றதும் பயந்து வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை எழுதியதை ஒரே மூச்சில் படித்தேன். அவள் விலாசத்தைக் கேட்டாள், "நீக்கிடறோம் சார்" என்றாள். அவ்வளவுதான். புடவைக் கடைக்கு நேரிலேயே போய்ச் சொன்னேன். என் பேரை வேறு யாருக்கும் தரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். போன் எடுக்காதவர்களுக்குக் கார்டு போட்டேன். கடைகளில் சீட்டு நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளப் பழகினேன். மகளுக்கும் மருமகனுக்கும் சொல்லி வைத்தேன்.

மெல்ல மெல்லக் குறைந்தது. வாரத்துக்கு ஒரு கட்டு வந்த இடத்தில் எப்போதாவது ஒன்று என்று ஆனது. துறையில் தமாஷ் பண்ணுபவர்களுக்கு விஷயம் கிடைக்காமல் போனது.

நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. கட்டாக வந்தபோது அத்தனையில் ஒன்று, இதுவும் விளம்பரமாகத்தான் இருக்கும் என்று ஒரு சமாதானம் இருந்தது. ஒன்றுமே வராமல் இருந்து திடீரென்று ஒன்று வந்தால், அது எதுவாக இருக்கும்? தபால் குறையக் குறைய ஒவ்வொரு உறையும் கையில் கனத்தது.

அப்படி ஒரு நாள் அது வந்தது. பழுப்பு உறை, தராசு, சிவப்பில் 'இறுதி அறிவிப்பு', நைனா பேரோடு என் பேர். தபால்காரர் கூப்பிட்ட குரலிலேயே துறை அடங்கிவிட்டது. பங்காளி வலையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நான் ஓரத்தைக் கிழிக்கப் பார்த்தேன், விரல் கேட்கவில்லை. பல்லால் கிழித்தேன். உள்ளே வழுவழுப்பான காகிதம். விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது. குறைந்த வட்டியில் கடன் பெற உங்களுக்கு இறுதி வாய்ப்பு என்று இருந்தது. கீழே சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம்.

"இதுக்காய்யா ஊரே கொட்டகைல உக்காந்தது?" என்று யாரோ சொல்ல, துறையே சிரித்தது. பங்காளியும் சிரித்தார். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் சட்டைப் பையில் வைத்துத் தட்டினார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் அடியிலும் போன் நம்பர் இருக்கிறது. கேட்டால் அவர்களும் என் பேரை எடுத்துவிடுவார்கள். நான் கூப்பிடவில்லை. இப்போதும் அவ்வப்போது அந்தப் பழுப்பு உறை வருகிறது. நான் துறையில் நின்று பிரித்துக் காட்டுகிறேன். யாரும் வலையிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

"எல்லாத்தையும் நிறுத்தின, அத மட்டும் ஏன்யா வுட்டு வெச்சிருக்க?" என்று மனைவி கேட்டாள்.

அதையும் நிறுத்திவிட்டால், அதற்கப்புறம் ஒரு நாள் தராசு போட்ட உறை வரும்போது அது அண்ணனுடைய கேஸ்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்காது. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பண்றேன் மே" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனேன்.